சமச்சீரற்ற கம்பி: வளைகுடாவின் செப்பும் கண்ணாடியும் எமது குரலும்

தகவல் தொழில்நுட்பம் பற்றி எமது சஞ்சிகைகளில் எழுதப்பட்டு வந்தவற்றை இரண்டு நிலைப்பாடுகளுக்குள் அடக்கிவிடலாம். இணையம் எல்லைகளை அழித்துவிடும், அகதிக்கு ஒரு தேசத்தைக் கொடுத்துவிடும் என்பது ஒன்று. அது ஏகாதிபத்தியத்தின் புதிய கருவி, அதற்கு மேல் அதில் எதுவுமில்லை என்பது மற்றையது. இரண்டுமே கம்பியைத் திறந்து பார்க்காமல் எடுக்கப்பட்ட முடிவுகள் என்பது எனது அபிப்பிராயம். ஐரோப்பாவுக்கு வந்து சேர்வதற்கு முன்னர் சில வருடங்கள் ஐக்கிய அரபு எமிரேட்ஸில் தொலைபேசிக் கேபிள் இணைக்கும் வேலை செய்தவன் என்ற வகையில், அந்தக் கம்பிக்குள் என்ன நடக்கிறது, அதன் எந்த இடத்தில் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது என்பதை இங்கே விளக்க முயல்கிறேன். பொறியியல் தெரியாத வாசகரும் விவாதத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்பதனால் கணிதத்தைத் தவிர்த்திருக்கிறேன்.

கம்பியின் அகலமும் வாசலின் அகலமும்

தொலைபேசிக் கம்பி என்பது ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு செல்லும் இரண்டு செப்புக் கம்பிகள். முறுக்குவதற்கான உரிமத்தை அலெக்சாண்டர் கிரஹம் பெல் 1881இல் பெற்றார். முறுக்கிய சோடியில் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரு கம்பிகளிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நூறாண்டுக்கு மேலாக உலகின் வீடுகளை இணைத்தது இந்த எளிய உத்திதான்.

மனிதக் குரல் விளங்குவதற்கு 300 ஹேர்ட்ஸ் முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான அதிர்வெண்கள் போதும் என்று தொலைபேசிக் கொம்பனிகள் தீர்மானித்தன. தொலைபேசி நிலையத்தில் உங்கள் கம்பி வந்து சேரும் இடத்திலுள்ள வடிகட்டி இதற்கு மேலான அதிர்வெண்களை வெட்டிவிடும். பின்னர் அந்தக் குரல் செக்கனுக்கு 8000 தடவைகள் அளக்கப்பட்டு, ஒவ்வொரு அளவும் எட்டு இலக்கங்களாக மாற்றப்பட்டு, செக்கனுக்கு 64,000 இலக்கங்களாக நிலையங்களுக்கிடையே ஓடும். 1990களில் வீட்டு மொடெம்கள் கிரீச்சிட்டு இணைந்த வேகம் 56 ஆயிரத்துக்கு மேல் போகாததன் காரணம் இதுதான்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். அந்த வரம்பு செப்பினுடையது அல்ல. செப்புக் கம்பி பத்து இலட்சம் ஹேர்ட்ஸையும் தாண்டிய அதிர்வெண்களைச் சில கிலோமீற்றர் தூரம் சுமக்கக்கூடியது. வரம்பு இருந்தது நிலையத்தின் வாசலில், குரலுக்கென்று வைக்கப்பட்ட வடிகட்டியில். வாசலை மாற்றினால் அதே பழைய கம்பி நூறு மடங்கு தகவலைக் கொண்டுவரும். டி.எஸ்.எல். என்று அழைக்கப்பட்ட தொழில்நுட்பம் செய்தது இதனைத்தான். புதிய கம்பி எதுவும் போடப்படவில்லை; கம்பியின் இரு முனைகளிலும் இருந்த பெட்டிகள்தான் மாறின. குரல் தனது பழைய சிறு பகுதியில் தொடர்ந்து சென்றது. அதற்கு மேலிருந்த வெற்றிடத்தில் தகவல் ஓடியது. வீட்டில் பொருத்தப்படும் சிறிய வடிகட்டி இரண்டையும் பிரித்துக் கொடுத்தது. எனவேதான் கதைத்துக்கொண்டே இணையத்திலும் இருக்க முடிந்தது.

'சமச்சீரற்ற' என்ற சொல்

வீடுகளுக்கு வந்தது ஏ.டி.எஸ்.எல். என்ற வகை. முதல் எழுத்து 'சமச்சீரற்ற' என்பதைக் குறிக்கும். வீட்டுக்கு வரும் பாதை அகலம், வீட்டிலிருந்து போகும் பாதை ஒடுக்கம். 1999இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட வடிவில் வருவது செக்கனுக்கு 80 இலட்சம் இலக்கங்கள் வரை, போவது 10 இலட்சம் அளவில். நடைமுறையில் விற்கப்பட்ட இணைப்புகளில் போகும் பாதை இதனிலும் ஒடுக்கமாகவே இருந்தது.

எம்மில் சிலர் இதனைக் கேட்டவுடனேயே, 'பார்த்தீர்களா, எம்மை நுகர்வோராக மட்டுமே வைத்திருக்கும் சதி' என்று கூறக்கூடும். விடயம் அவ்வளவு நேரானதல்ல. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுகூடத்தில் 1980களின் இறுதியில் ஜோசப் லெக்லைடர் என்ற பொறியியலாளர் சமச்சீரின்மையை முன்மொழிந்தபோது அவருக்கிருந்த காரணம் பௌதிகம் சார்ந்தது. ஒரு தடித்த கேபிளுக்குள் நூற்றுக்கணக்கான சோடிகள் நெருக்கமாகச் செல்கின்றன. ஒரு சோடியில் ஏற்றப்படும் பலமான சைகை அருகிலுள்ள சோடிக்குள் கசிகிறது. தூரத்திலிருந்து களைத்து வரும் மெல்லிய சைகையை அதே முனையில் ஏற்றப்படும் அயற்சைகை மூழ்கடித்துவிடும். எல்லாச் சோடிகளும் நெருங்கிக் கிடக்கும் நிலைய முனையில் இது மிக மோசம். சோடிகள் பிரிந்துபோகும் வீட்டு முனையில் குறைவு. ஆகவே நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் சைகைக்கு உயர் அதிர்வெண்களில் பெரும் பகுதியைக் கொடுத்து, வீட்டிலிருந்து வருவதற்கு அதிகம் தேயாத தாழ் அதிர்வெண்களில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கினால், ஒரே கேபிளால் மொத்தமாகக் கூடுதலான தகவலை அனுப்பமுடியும்.

இந்தப் பௌதிகத்துக்கு ஒரு வர்த்தகக் கனவு உடனே துணையானது. தொலைபேசிக் கொம்பனிகள் அப்போது நினைத்துக்கொண்டிருந்தது இணையத்தை அல்ல. கேட்டவுடன் வீட்டுக்குத் திரைப்படம் அனுப்பும் வியாபாரத்தை. படம் பார்ப்பவர் திருப்பி அனுப்புவதற்கு என்ன இருக்கிறது? ஆக, கசிவு என்ற இயற்கையும் பார்வையாளர் என்ற கற்பனையும் சேர்ந்து ஒரு தரத்தை உருவாக்கின. அது உலகெங்கும் பரவியது. தொழில்நுட்பம் நடுநிலையானதா என்ற எமது பழைய கேள்விக்கு இது நல்லதொரு உதாரணம். அது பொய்யும் அல்ல, சதியும் அல்ல. ஒரு நியாயமான காரணத்தின் மேல் ஏறி உட்கார்ந்த ஒரு நலன்.

அதன் விளைவை நாம் அனுபவித்தோம். பழைய சஞ்சிகை ஒன்றை ஸ்கான் செய்து 50 மெகாபைட் கோப்பாக்கினால், அதனை 80 இலட்ச வேகத்தில் இறக்குவதற்கு 50 செக்கன் போதும். 2 இலட்சத்து 56 ஆயிரம் என்ற வேகத்தில் ஏற்றுவதற்கு ஏறத்தாழ 26 நிமிடம் வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தமிழ்ப் பிரதிகளை இணையத்தில் சேர்த்தது இத்தகைய கம்பிகள் வழியாகவும்தான். வாசிப்பவருக்கு ஒரு நிமிடம், சேர்ப்பவருக்கு ஓர் இரவு.

தூரமும் வெப்பமும்

அதிர்வெண் கூடக்கூடச் செப்பில் சைகை விரைவாகத் தேய்கிறது. ஏ.டி.எஸ்.எல். 1,104 கிலோஹேர்ட்ஸ் வரையான அகலத்தை 256 சிறு வாய்க்கால்களாகப் பிரிக்கும். மொடெம் இணையும்போது ஒவ்வொரு வாய்க்காலையும் அளந்து, இரைச்சல் குறைந்ததில் அதிகமாகவும் கூடியதில் குறைவாகவும் ஏற்றும். பாழான வாய்க்காலைக் கைவிட்டுவிடும். கம்பி நீள நீள மேலிருந்து ஒவ்வொன்றாக வாய்க்கால்கள் இறக்கும். இதன்பின் வந்த வகை நிலையத்துக்கு அருகில் 240 இலட்சம் வரை கொடுத்தாலும், ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் எல்லா வகைகளும் ஏறக்குறைய ஏழைகளே.

வளைகுடாவில் இதற்கு வெப்பமும் சேர்ந்துகொண்டது. வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் செப்பின் மின்தடை நூற்றுக்கு 0.39 அளவில் கூடும். 20 பாகையில் அளந்த கம்பி 50 பாகைக்குப் போனால் தடை நூற்றுக்குப் பன்னிரண்டு கூடியிருக்கும். வெயில் பட்டு நிற்கும் தெருவோர இரும்புப் பெட்டிகளில் நாம் கைவைத்துத் திறந்த இணைப்புகள் அப்படியானவை. கரையோரத்து உப்பீரம் ஒழுங்காக அடைக்கப்படாத மூட்டுகளுக்குள் புகுந்து செப்பைப் பச்சையாக்கும். பச்சை பிடித்த மூட்டினூடாகக் குரல் போகும், தகவல் போகாது. 'ரெலிபோன் வேலை செய்கிறது, இன்ரநெற் மட்டும் ஏன் இல்லை' என்ற வாடிக்கையாளரின் கோபத்துக்குப் பெரும்பாலும் விடை இந்த மூட்டுக்குள்தான் இருந்தது.

ஆனால் நான் அங்கு கண்ட பெரிய வேறுபாடு வெப்பத்தினால் வந்ததல்ல. எத்தனை சோடி யாருக்கு என்று வரைபடத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஒரு வில்லாவுக்குப் பத்துச் சோடி இழுத்த அதே வாரத்தில், சில நூறு பேர் தங்கும் தொழிலாளர் முகாம் ஒன்றுக்கு நாம் இழுத்தது காவலாளியின் அறைக்கும் சுவரில் தொங்கும் காசுத் தொலைபேசிகளுக்குமான நான்கு சோடி. வீட்டு இணைப்பு என்பது வாடகை ஒப்பந்தமும் வதிவிட அனுமதியும் உள்ளவருக்கானது. முகாமில் கட்டில் மட்டுமே உள்ளவருக்கு வீடு என்ற ஒன்று சட்டத்தில் இல்லை. டுபாயின் சோனாப்பூர் போன்ற இடங்களுக்கு அகலப்பாட்டை இணையம் பின்னாளில் வந்தது கம்பி வழியாக அல்ல, கைத்தொலைபேசி வழியாக.

ஒரே நகரத்தில் இரண்டு இணையங்கள்

எமிரேட்ஸின் தொலைத்தொடர்பு 1976இல் உருவாக்கப்பட்ட எதிசலாத் நிறுவனத்தின் கையில் இருந்தது. அதன் பெரும் பங்கு, நூற்றுக்கு அறுபது, அரசினுடையது. 1995இல் அது பொதுமக்களுக்கு இணையத்தைக் கொடுத்தது. 1990களின் பிற்பகுதியிலேயே எல்லாக் கோரிக்கைகளும் இடைநிலைக் கணினிகளினூடாக வடிகட்டப்படும் முறை வந்துவிட்டது. 2000களின் தொடக்கத்தில் 'அல் ஷாமில்' என்ற பெயரில் ஏ.டி.எஸ்.எல். வீடுகளுக்கு வந்தபோது வேகம் மாறியது, வடிகட்டி மாறவில்லை. சவூதி அரேபியா 1999இல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, நாட்டின் முழு வெளிப்போக்குவரத்தும் ரியாத்திலுள்ள மன்னர் அப்துல் அஸீஸ் விஞ்ஞான தொழில்நுட்ப நகரம் என்ற ஒரே நிறுவனத்தினூடாகச் செல்லும்படி அமைத்தது. முழு நாட்டுக்கும் ஒரு வாசல்.

ஆனால் டுபாயில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. 2000இல் திறக்கப்பட்ட டுபாய் இன்ரநெற் சிற்றி போன்ற சுதந்திர வர்த்தக வலயங்களுக்குத் தனி வலையமைப்பு இருந்தது. வெளிநாட்டு மூலதனத்தைக் கவர்வதற்காக அங்கே இணையம் வடிகட்டப்படவில்லை. தெருவின் ஒரு பக்கத்தில் தடுக்கப்பட்ட பக்கம், மறுபக்கத்தில் திறந்தது. இரு பக்கத்திலும் கம்பி ஒரே தரம், மண் ஒரே மண், அரசும் ஒரே அரசு. இரண்டாவது நிறுவனமான 'டூ' இந்த வலயங்களைப் பொறுப்பேற்ற பின்னர், 2008 ஏப்ரலில் அங்கும் வடிகட்டல் கொண்டுவரப்பட்டது. போட்டி வந்தால் சுதந்திரம் வரும் என்ற தாராளவாத நம்பிக்கைக்கு இது நேர்மாறான உதாரணம். இரண்டாவது நிறுவனத்திலும் அரசின் பங்கே மேலோங்கியிருந்தது. 2015 வரை பெரும்பாலும் உங்கள் வீடு எந்தப் பகுதியில் இருந்ததோ அந்த நிறுவனமே உங்கள் நிறுவனம்.

இதனை ஐரோப்பாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2000 டிசம்பரில் நிறைவேற்றப்பட்ட ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குவிதி, பழைய ஏகபோகத் தொலைபேசி நிறுவனங்கள் தமது செப்புச் சோடிகளைப் போட்டியாளருக்கு வாடகைக்குக் கொடுக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. கம்பி பழைய நிறுவனத்தினுடையது. அதன் நிலைய முனையில் பெட்டி வைப்பவர் வேறொருவர். 2002இல் பிரான்சில் 'ஃப்ரீ' என்ற நிறுவனம் மாதம் 29.99 யூரோவுக்கு ஏ.டி.எஸ்.எல். கொடுத்ததற்கு இந்த விதி அடிப்படையானது. பாரிஸின் லா சப்பலில் இருந்த எமது நண்பர் மலிவாக இணையத்தில் இருந்ததும் சார்ஜாவில் இருந்தவர் அப்படி இருக்க முடியாததும் செப்பின் தரத்தால் அல்ல. கம்பியின் முனை யாருக்குத் திறந்துவிடப்பட்டது என்பதால்.

கண்ணாடி வந்தது, குரல் வரவில்லை

செப்பின் காலம் வளைகுடாவில் விரைவாக முடிந்தது. 2011இல் அபுதாபி, வீடுகள் வரை முழுமையாகக் கண்ணாடி இழையால் இணைக்கப்பட்ட முதல் தலைநகரம் என்று அறிவிக்கப்பட்டது. அதன் பின்னர் பல ஆண்டுகள், வீடுகளுக்கு இழை சென்ற விகிதத்தில் எமிரேட்ஸ் உலகப் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. நூறு வீடுகளில் தொண்ணூறுக்கும் மேல். ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் எம்மவர்கள் பழைய செப்போடு போராடிக்கொண்டிருந்த காலம் அது. இழையில் கசிவு இல்லை, செப்பைப்போல் வெப்பத்தில் நலிவதில்லை. போகும் பாதையை வரும் பாதையளவு அகலமாக்குவதற்குப் பௌதிகம் இனித் தடையில்லை.

ஆனால் அந்த இழையில் வாட்ஸ்அப் மூலம் தாயோடு கதைக்க முடியாது. எழுத்து போகும், படம் போகும், குரல் போகாது. அனுமதிப்பத்திரம் பெற்ற நிறுவனங்கள் மாத்திரமே இணையவழிக் குரல் சேவை நடத்தலாம் என்பது விதி. ஸ்கைப் 2000களின் நடுப்பகுதியிலிருந்தே தடைகளை எதிர்கொண்டது; 2015இல் வாட்ஸ்அப் அழைப்பு அறிமுகமானபோது அதுவும் மறிக்கப்பட்டது. 2018 தொடக்கத்தில், அனுமதிக்கப்பட்ட செயலிகளினூடாக அழைப்பதற்கு எதிசலாத் ஒரு திட்டத்தை விற்றது: கைத்தொலைபேசிக்கு மாதம் 50 திர்ஹாம், வீட்டு இணைப்புக்கு 100. ஆயிரம் திர்ஹாம் சம்பளம் பெறும் ஒருவருக்கு 50 என்பது இருபதில் ஒரு பங்கு. தடையைச் சுற்றிப்போக விரும்புவோருக்கு வேறு பயம் உண்டு. 2016இல் திருத்தப்பட்ட இணையக் குற்றச் சட்டம், குற்றம் செய்வதற்கோ அதனை மறைப்பதற்கோ இணைய முகவரியை மாற்றிக் காட்டுபவருக்கு ஐந்து இலட்சம் முதல் இருபது இலட்சம் திர்ஹாம் வரை தண்டம் என்றது. 2021இன் புதிய சட்டமும் அதனைத் தொடர்கிறது.

இதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதும் உண்டா? சுருக்கப்பட்ட குரலுக்கு, அதன் உறைகளையும் சேர்த்து, செக்கனுக்கு முப்பது ஆயிரம் இலக்கங்கள் போதும். 1990களின் மொடெமே அதனைச் சுமந்திருக்கும். கோடிக்கணக்கில் சுமக்கும் இழையில் அது ஒரு தூசு. தடுப்பவர்கள் பாதுகாப்பையும் ஒழுங்குமுறையையும் காரணம் காட்டுவார்கள். சர்வதேச அழைப்பு வருமானம் இன்னொரு காரணம் என்பதனை விளங்கிக்கொள்ளப் பொருளியல் பட்டம் தேவையில்லை. மக்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வெளிநாட்டவர் என்ற நாட்டில், வீட்டு நினைவு என்பது ஒரு பெரும் சந்தை. சவூதி அரேபியா 2017 செப்டெம்பரில் இத்தகைய தடையை விதிகளுக்குட்பட்டுத் தளர்த்தியது. 2020 மார்ச்சில் கொரோனா முடக்கத்தின்போது எமிரேட்ஸும் வேலைக்கும் கல்விக்குமென்று ஸூம், ரீம்ஸ் முதலியவற்றைத் தற்காலிகமாகத் திறந்தது. மூலதனம் வேலை செய்ய வேண்டுமென்றால் ஒரே இரவில் வடிகட்டி திறக்கும். வீட்டுப் பணிப்பெண் தனது பிள்ளையின் குரலைக் கேட்பதற்கு அது திறப்பதில்லை.

எமக்கு இதில் என்ன

வளைகுடாவின் ஆறு நாடுகளில் எதுவும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டதில்லை. யுத்தத்திலிருந்து தப்பி அங்கு போன ஈழத்தமிழர் அகதி அல்லர், ஒப்பந்தத் தொழிலாளி. எமது புலம்பெயர் இலக்கிய வரலாறு பாரிஸிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் எழுதப்பட்டதற்கும், வளைகுடா அதில் ஏறக்குறைய மௌனமாக இருப்பதற்கும் இதுவொரு காரணம். நேரமின்மையும் பயமும் மற்றக் காரணங்கள். கம்பியும் ஒரு காரணம் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

குரலை வெட்டுவதை நாம் வளைகுடாவில்தான் முதலில் கண்டோம் என்றுமில்லை. 1990 யூனில் யுத்தம் மீண்டும் வெடித்தபின் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமும் தொலைபேசியும் இழந்தது. வெளிநாட்டுப் பிள்ளையின் ஒரு அழைப்புக்காகப் பெற்றோர் கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்பு வந்து லொட்ஜுகளில் காத்திருந்த காலத்தை இங்கே விபரிக்கத் தேவையில்லை. 2007 யூனில் தமிழ்நெற் இணையத்தளத்தை இலங்கையின் இணைய நிறுவனங்கள் மறித்தன. முன்னதில் கம்பியே இல்லை. பின்னதில் கம்பி இருந்தது, வாசல் மூடப்பட்டது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதுதான் எமது விவாதங்களின் பலவீனம். கம்பி இல்லாததற்கு எதிரான போராட்டம் அபிவிருத்திக்கானது. வாசல் மூடப்படுவதற்கு எதிரானது உரிமைக்கானது. முதலாவதை வென்றுவிட்டால் இரண்டாவது தானாக வரும் என்பதனை, உலகின் மிக அடர்த்தியான இழை வலையமைப்புகளில் ஒன்றை வைத்திருக்கும் எமிரேட்ஸ் பொய்யாக்கியுள்ளது.

எனவே புதிய தொழில்நுட்பம் எது வந்தாலும் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. ஒன்று, வரம்பு எங்கே இருக்கிறது: பொருளிலா, வாசலிலா? இரண்டு, வாசலின் திறப்பு யாரிடம். அவர்களை யார் கேள்வி கேட்கலாம்? மூன்று, போகும் பாதை எவ்வளவு அகலம்: கேட்பதற்கு மட்டும் எமக்கு இடமா, சொல்வதற்கும் உண்டா? செப்பு ஏறக்குறைய மறைந்துவிட்ட நகரங்களில் மூன்று கேள்விகளும் இன்னமும் உயிரோடிருக்கின்றன. பல அமைப்புகளைக் கட்டிய எமக்கு, அவற்றிலும் ஆணைகள் இறங்கிவந்த பாதை எவ்வளவு அகலமாகவும் கேள்விகள் ஏறிச்சென்ற பாதை எவ்வளவு ஒடுக்கமாகவும் இருந்தன என்பது தெரியும். அங்கே எந்தக் கசிவுப் பௌதிகமும் காரணமாக இருக்கவில்லை. வளைகுடாவில் வாழ்ந்த, வாழும் வாசகர்கள் இதற்கு மறுப்போ திருத்தமோ எழுதுவார்களானால், இந்தக் கட்டுரையைவிட அதுவே இந்தப் பக்கங்களுக்குப் பெறுமதியானது.